அணைக்கரையில் நீ கேட்ட கேள்வி

இன்று காலையில் ஒரு மாத்திரை அட்டையைப் பிரித்தேன். மழையில் நனைந்த சாவிக்கொத்தை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து திறந்தால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. இரும்புச்சத்து மாத்திரை. நேற்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் கூட்டிப்போன டாக்டர் எழுதிக்கொடுத்தது. சின்னப் பெண். என் கண்ணின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும்மா" என்றாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. என் இமையை இழுத்துப் பார்ப்பது உன் வேலை. அதை இன்னொருத்தி எப்படிச் செய்யலாம் என்று தோன்றியது. இந்த வயதில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது.

நீ போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. ஊர் உன்னை இன்னும் விடவில்லை. நாமக்கல் போகிற வழியெல்லாம் உன் முகம் போட்ட சுவரொட்டி, பாதி கிழிந்து, மழையில் வெளுத்து நிற்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்துகிறது. துக்கம்தான் குத்துகிறது என்று பல நாள் நினைத்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: பெயர் தெரியாத பூச்சியைக் கண்டால்தான் அலறுவோம், பெயர் தெரிந்துவிட்டால் அது வெறும் பூச்சி. அதனால் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அது பொறாமை. ரொம்ப நாளாக உன்மேல் இருந்தது. இப்போது உன்னைச் சொந்தம் கொண்டாடுகிற எல்லார்மேலும் பரவிவிட்டது.

நம் இரண்டு பேருக்கும் முதல் வேலை ஒரே ஊரில் கிடைத்தது. ஜேடர்பாளையம் அணையிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் இருந்த ஊர். எனக்குப் பள்ளிக்கூடம், உனக்குத் துணை சுகாதார நிலையம். கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு அந்த ஊரில் தனித்தனியாக வீடு கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒரே வீட்டில் முன்கட்டு எனக்கு, பின்கட்டு உனக்கு என்று ஆயிற்று. நான் தம்மம்பட்டிக்காரி. நீ திருச்செங்கோட்டுப் பக்கம். நான் "வீடு" என்றேன், நீ "ஊடு" என்றாய். ஊர் முழுக்க "ஊடு" என்றது. முதல் நாளே நான் பின்பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

நான் உன்னை "நீ, வா, போ" என்பேன். நீ கடைசிவரைக்கும் என்னை "நீங்க" என்றாய். முதலில் நான் அதை மரியாதை என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். பிறகு பார்த்தால், தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையிடமும் நீ "வாங்க சாமி, அழுகாதீங்க சாமி" என்றுதான் பேசிக்கொண்டிருந்தாய்.

ஊர் என்னை மதித்தது, உன்னை விரும்பியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டவுன் பஸ்ஸில் தெரியும். நான் ஓடிவந்தால் கண்டக்டர் வாட்சைப் பார்ப்பார். "டீச்சர், நேரமாச்சுங்க, அடுத்ததுல வாங்க" என்பார். நீ தெருமுனையில் ஊசிப் பெட்டியோடு தெரிந்தால் போதும். "நர்சம்மா வருது, நிறுத்துங்கண்ணா" என்று பஸ்ஸே சொல்லும். நீயோ ஓடிவர மாட்டாய். வழியில் யாராவது ஒரு பெண்ணை நிறுத்தி, அவள் கீழிமையை இழுத்துப் பார்த்து, "என்ன அம்மிணி இது, சுண்ணாம்பு மாதிரி இருக்குது, மாத்திரைய எங்க கோழிக்குப் போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாய். கல்யாணப் பந்தியில், குழாயடியில், எங்கே பார்த்தாலும் உன் கட்டைவிரல் யாராவது ஒருத்தியின் கண்ணுக்குக் கீழே இருக்கும்.

இன்னொன்று உண்டு, அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நீ பிரசவம் பார்த்த வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் உன் பெயரையே வைத்தார்கள். அந்தப் பக்கத்துப் பழக்கம் அது, கை நல்ல கை என்றால் பெயரையும் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து என் வகுப்புக்கு வந்தன. ஒரே வகுப்பில் உன் பெயரில் மூன்று பேர். தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவை "உள்ளேன் அம்மா" கேட்டேன். அந்த மூன்று பேரில் யாராவது இலக்கணத்தில் கோட்டை விட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இதை ஒரு நாள் உன்னிடமே சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏனுங் டீச்சர், இத்தன வருசம் பாடம் எடுத்து ஒரு புள்ளைக்குக்கூட உங்க பேர வெக்கலீங்களா?"

"புள்ள பொறக்கிறப்ப யாரும் டீச்சரைக் கூப்பிடறதில்ல."

"கூப்பிட்டா அங்கயும் பாடம் எடுத்துருவீங்கன்னு பயமுங்க."

எனக்குக் கல்யாணமாகி, கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோடு அடுத்த தெருவுக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை உனக்கும் எனக்கும்தான். நீ வருவாய், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வாய், நான் பின்னிவிடுவேன். அடர்ந்த முடி உனக்கு. உன் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "நெம்ப இறுக்காதீங்க டீச்சர், வலிக்குது" என்பாய். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்த வருடங்கள் வந்தன. அந்தப் பக்கத்தில் லாரிக்குப் போகாத வீடு குறைவு. வடக்கே போன ஆண்கள் மெலிந்து திரும்பி வந்தார்கள். என்ன நோய் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் இறந்த பிறகு அவர்கள் மனைவிமார்களுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. பாப்பாத்தி அப்படி ஒருத்தி. புருஷன் இறந்ததும், தெருவே அவள் வீட்டைத் தாண்டும்போது நடையை வேகமாக்கியது. அவள் தொட்ட குடத்தைக் குழாயடியில் தனியாகத் தள்ளி வைத்தார்கள்.

நீ கூட்டம் போடவில்லை, யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவில் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, பாப்பாத்தி வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாய். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, "பின்னி உடு பாப்பாத்தி, ரெட்டச் சடை போட்டாலும் பரவால்ல" என்றாய். அவள் அழுதுகொண்டே பின்னினாள். தெரு பார்த்தது. அடுத்த ஞாயிறும் அங்கேதான். அதற்கடுத்த ஞாயிறு பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வந்து பேன் பார்க்க உட்கார்ந்தாள். அதன் பிறகு பாப்பாத்தியின் குடத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை.

நல்ல காரியம்தான். நாட்டில் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள். ஆனால் உன் தலையைப் பின்னுவது என் வேலையாக இருந்தது. அது போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

பாப்பாத்தியைப் போல ஊருக்கு ஊர் பெண்கள் இருந்தார்கள். உன்னைத் தேடி வந்தார்கள். அந்த நோய்க்கான மாத்திரை வாங்க அவர்கள் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் ஒரு நாள் கூலி போகும். "எங்க போற, எதுக்குப் போற" என்று பஸ்ஸில் கேட்கிறவர்களுக்குப் பொய் சொல்ல வேண்டும். மாத்திரையை நம் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க வேண்டும் என்று நீ கேட்கத் தொடங்கினாய். மனு எழுதியது நான். மூன்று தடவை திருத்தி எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தமிழ் நான் எழுதியதில்லை.

திங்கட்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கும் கூட்டம். நான் லீவு போட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். அந்தப் பெண்கள் எல்லாரும் சேலைத் தலைப்பால் முகத்தைப் பாதி மூடியிருந்தார்கள். நீ மனுவை விரித்து முதல் வரியைப் படித்தாய். அப்புறம் மடித்தாய்.

"சார், இத எங்க டீச்சர் நெம்ப நல்லா எழுதியிருக்காங்க. அப்புறமேட்டுக்கு நிதானமாப் படிச்சுக்கங்க. இப்ப இவுங்க உக்காரறதுக்கு ஏதாச்சும் போடச் சொல்லுங்க. காலையிலேர்ந்து நின்னுட்டிருக்காங்க, மாத்திரை சாப்பிடற ஒடம்பு."

அந்த ஹால் முழுக்க நாற்காலி தேடியது. அதிகாரி ஒருவர் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்த பிறகு அந்தப் பெண்கள் தலைப்பை எடுத்துவிட்டு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். பல தடவை அலைந்த பிறகு மாத்திரை மையம் நம் பக்கம் வந்தது. என் மனுவை யாராவது படித்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அரசு ஊழியராக இருந்துகொண்டு ஆட்களைத் திரட்டியதாக உனக்கு மெமோ வந்தது. விளக்கக் கடிதமும் நான்தான் எழுதினேன். எழுதுவது என் பக்கம், ஊர் பேசுவது உன் பெயர். ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் பேசினால் கைதட்டுவார்கள், அது உனக்கும் தெரியும். குரல் இருந்தது, மேடையில் பயமில்லை, எதைச் சொன்னாலும் ஓர் உதாரணம் கையில் இருக்கும். நம் இரண்டு பேரில் யார் அரசியலுக்குப் போவாள் என்று அந்தக் காலத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் என்னைத்தான் காட்டியிருப்பார்கள். நானும் என்னைத்தான் காட்டியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் நான்கு பேர் இறங்கினார்கள். தட்டில் பழம், அதன்மேல் மடித்த சால்வை. என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிவந்து, "சேலைய மாத்திட்டு வா, கட்சிக்காரங்க" என்றார். மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பெரியவர் ஒருவர் பேசினார்.

"டீச்சர், உங்க பேச்ச நான் கேட்டிருக்கறனுங்க. கணீர்னு இருக்கும்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"எலெக்சன் வருதுங்க. நம்ம தொகுதிக்கு இந்தத் தடவ ஒரு பொம்பளைய நிறுத்தோணும்னு மேல முடிவாயிருச்சு. டெல்லிக்குப் போற சீட்டு. சனத்துக்குப் பழக்கமான மொகமா இருக்கோணும். அதனால நேரா உங்ககிட்ட வந்துட்டோம். நீங்க மனசு வெக்கோணுமுங்க."

என் மனசில் அதற்குள் முதல் மேடைப் பேச்சு ஓட ஆரம்பித்துவிட்டது. தொடக்கத்துக்கு ஓர் உதாரணம்கூடக் கிடைத்துவிட்டது. "கொஞ்சம் யோசிக்க அவகாசம் வேணுமுங்க" என்றேன், அவர்கள் மாதிரியே "ங்க" போட்டு.

"யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா நர்சம்மா தட்ட மாட்டாங்க. நாங்க கேட்டதுக்கு முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்க. டீச்சரைக் கேட்டுட்டுத்தான் எதுவும்னாங்க."

சமையலறை வாசலில் காபித் தட்டோடு என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். நான் தலையை ஆட்டினேன். அவர்களும் மரியாதைக்குச் சால்வையை எனக்கே போட்டுவிட்டுப் போனார்கள். கார் போன பிறகு அவர் சால்வையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சால்வைதான்" என்றார். "கடைசி வரைக்கும் நானும் உனக்குன்னுதான் நெனச்சேன்."

அன்றைக்குச் சாயங்காலம் நீ வந்தாய். "அணைக்குப் போலாம் வாங்க டீச்சர், ஊட்டுல பேச முடியாது" என்றாய். ஜேடர்பாளையம் அணைக்கரையில் எப்போதும் போகிற மீன் கடை. மசாலா தடவிய மீன் எண்ணெயில் பொரிகிற சத்தம், அந்தப் பக்கம் மதகில் தண்ணீர் விழுகிற சத்தம். வாழையிலையில் மீனை வைத்துக்கொண்டு நீ சாப்பிடாமல் முள்ளை மட்டும் எடுத்து எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாய்.

"போகட்டுங்களா, வேண்டாங்களா? நீங்க சொல்றதுதானுங்க டீச்சர்."

"உனக்கு என்ன தோணுது?"

"வேலைய உட்டுப்போட்டுத்தான் நிக்கோணுமாம். தோத்துட்டா திரும்பி வந்து ஊசி போட முடியாதுங்களே."

"ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சாலும் போட முடியாதுங்களே" என்றாய்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னவெல்லாம் எடைபோட்டேன் என்று உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிச்சமாகும். நான் உட்கார ஆசைப்பட்ட இடத்தில் நீயும் உட்கார மாட்டாய். இரண்டு லாபம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் விடைத்தாள் திருத்தியே பழகிய கை ஒன்று இருக்கிறதே. பிடிக்காத பிள்ளையின் தாளாக இருந்தாலும், விடை சரியாக இருந்தால் அது பாட்டுக்கு மார்க் போட்டுவிடும்.

"ஒண்ணு சொல்றேன் கேளு" என்றேன். "வகுப்புல கேள்வி கேட்டா சில பிள்ளைங்க டக்குனு கையத் தூக்கும். புது வாத்தியாருங்க அதுங்களத்தான் லீடரா வைப்பாங்க. நான் அப்படி வைக்கிறதில்ல. கேள்வி கேட்டதும் மத்த பிள்ளைங்க எல்லாம் யாரைத் திரும்பிப் பார்க்குதோ, அவளத்தான் வைப்பேன். அவ கையே தூக்கியிருக்க மாட்டா. இந்தச் சனம் உன்னைத் திரும்பிப் பார்க்குது. போ."

நீ இன்னொரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாய்.

"சின்னப் புள்ளையில நீங்க கையத் தூக்குவீங்களா டீச்சர்?"

"எப்பவும் நான்தான் முதல்ல தூக்குவேன்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாய். "அப்பச் சரி. போறனுங்க" என்றாய். உன் இலையில் மீன் முழுசாக இருந்தது. நான்தான் சாப்பிட்டேன்.

உன் பிரசாரத்தை யாரும் மறக்க மாட்டார்கள். திறந்த ஜீப்பில் உன்னை நிற்க வைத்தார்கள். நீ ஒவ்வொரு தெருவிலும் இறங்கிவிட்டாய். வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிற பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாய். "ஏன் கண்ணு, மூணாவது உண்டாயிருக்கறியா? கீரை திங்கறியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாய். பின்னாலேயே ஓடிவந்த கட்சிக்காரர் கெஞ்சுவார். "அம்மா, சின்னத்தச் சொல்லுங்கம்மா. ஓட்டுக் கேளுங்கம்மா." நீ திரும்பிப் பார்த்து, "அட ஆமாங்க" என்பாய். ஒரு ஊரில் ஓட்டே கேட்காமல் வந்துவிட்டாய் என்று அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. எண்ணிப் பார்த்தபோது அந்த ஊர்தான் உனக்கு வாரிக் கொடுத்திருந்தது. நான் எழுதிக்கொடுத்த பேச்சுகளில் ஒன்றைக்கூட நீ முழுசாகப் பேசவில்லை.

நீ டெல்லி போன பிறகு, பார்லிமெண்டில் உன் முதல் பேச்சை என் வீட்டு டிவியில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வெள்ளைச் சேலை. உனக்குப் பழக்கமான வெள்ளைதான், உடுப்பு மட்டும் வேறு. கிராமத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேசினாய், தமிழில். "எங்க ஊர்ல ஒரு டீச்சர் சொல்லுவாங்க" என்று ஆரம்பித்து, கையைத் தூக்குகிற பிள்ளையையும் தூக்காத பிள்ளையையும் சொன்னாய். கையைத் தூக்கின ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, கையைத் தூக்கத் தெரியாத ஊர்களைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள் என்றாய். மேசையைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்து, "யாருங்கக்கா அந்த டீச்சர்?" என்றாள். நீ "ஒரு டீச்சர்" என்றாய். அந்த "ஒரு" எனக்குள் எத்தனை நாள் கிடந்தது தெரியுமா? உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அங்கே என் பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

போன் செய்தால் உதவியாளர் எடுப்பார்.

"அம்மா கமிட்டி மீட்டிங்ல இருக்காங்க. நீங்க யாருங்க?"

"டீச்சர்."

"எந்த டீச்சருங்க?"

பேசாமல் வைத்துவிடுவேன். அன்று இரவே நீ கூப்பிடுவாய். "வெச்சுப்போட்டீங்களாம், கோவமுங்களா?" என்று கேட்டு, நான் இல்லை என்பதற்குள் யாரோ உன்னைக் கூப்பிடுவது கேட்கும். உன் மாத்திரை மையங்கள் எங்கெல்லாமோ திறந்தன. பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு வந்தால் பாப்பாத்தியும், மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்காரிகளும் உன்னைச் சுற்றி நிற்பார்கள். நான் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கையை ஆட்டுவேன். நீயும் ஆட்டுவாய்.

நான் ஓய்வு பெற்று, என் வீட்டுக்காரரும் இறந்து, ஃபேர்லேண்ட்ஸில் மகளோடு இருக்க வந்தேன். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வந்தாய். மூச்சு வாங்கியது. "அரிசிம்பருப்புச் சோறு ஆக்குங்க டீச்சர், தின்னு நாளாச்சு" என்றாய். ஆக்கினேன். நெய் ஊற்றினேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டாய்.

வழக்கம்போல என் முகத்தைப் பிடித்து இமையை இழுத்துப் பார்த்தாய். "கொஞ்சம் வெளுப்புத்தானுங்க. கீரை தின்னுங்க." எனக்கு என்ன தோன்றியதோ, நானும் உன் இமையை இழுத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. அதில் சிவப்பே இல்லை. நீ மெதுவாக என் கையை எடுத்துக் கீழே வைத்தாய்.

"பாத்தாச்சுங்க டீச்சர். பெரிய ஆஸ்பத்திரியில எல்லாரும் பாத்தாச்சு. நீங்க வேற எதுக்கு?"

எனக்கு அழத் தெரியவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அப்போது கோணல்மாணலாக வெளியே வந்தது. "உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? எத்தனை வருஷமா?"

"தெரியுமுங்களே" என்றாய், ஏதோ வாசலில் பால்காரர் வந்திருக்கிறார் என்பதுபோல. "தெரிஞ்சுதானே அன்னிக்கு அணைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"தெரிஞ்சு எதுக்குக் கூட்டிட்டுப் போன?" என்றேன்.

"யாரைக் கேட்டாலும் போ போன்னாங்க. கட்சிக்காரங்க, பாப்பாத்தி, அத்தன பேரும். எனக்குப் போக இஷ்டமே இல்லீங்க டீச்சர். என்ற ஊசிப் பெட்டி, என்ற புள்ளைங்க, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? அந்த எடத்து மேல ஆசை இருந்தது உங்களுக்குத்தான். ஆசை இருக்கறவங்க அடுத்தவங்கள உட மாட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க எப்படியும் போகாதேன்னு சொல்லிருவீங்க, டீச்சர் வேண்டாம்னுட்டாங்கன்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டு நிம்மதியா இருந்துக்கலாம்னு வந்தேன். நீங்க என்னடான்னா, வகுப்பு, கைன்னு பாடம் எடுத்து அனுப்பி உட்டுப்போட்டீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். பழைய சிரிப்பு.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நடந்ததெல்லாம் நல்லதுதானுங்களே. சொட்டு மருந்து நாளன்னிக்கு மட்டும் டெல்லியில கை சும்மா இருக்காதுங்க. அவ்வளவுதான்." பிறகு, "இத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க டீச்சர். பாப்பாத்திகிட்டக்கூட. தெரிஞ்சா சனம் வெசனப்படும்" என்றாய். எழுந்து, தட்டை நீயே கழுவி வைத்துவிட்டு, "வாரனுங்க" என்று போனாய். அப்புறம் நீ வரவில்லை.

நான் ஆசைப்பட்டது உனக்குக் கிடைத்தது, நீ ஆசைப்பட்டது எனக்கு இருந்தது. கடைசி நாள்வரை அதே பிள்ளைகள், அதே ஊர், அதே வேலை. உன் ஆசையை நான் வேண்டா வெறுப்பாக வாழ்ந்து முடித்திருக்கிறேன். பொறாமைப்பட நான் மட்டும்தான் இருந்தேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் நான் சாக்பீஸ் கையோடு வகுப்புக்குள் நுழைகிற நேரத்தில், எங்கேயோ ஒரு கமிட்டி மீட்டிங்கில் நீ என்ன நினைத்திருப்பாய்? இதைத் தெரிந்துகொண்டால் என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அது அப்படித் தீருகிற சாமானாகத் தெரியவில்லை.

உன் படத்திறப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். பெரிய பந்தல். மேடையில் ஒவ்வொருவராக வந்து, நீ பிறவியிலேயே தலைவி என்றார்கள். சின்ன வயதிலிருந்தே பொதுவாழ்க்கைக்கு ஏங்கினாய் என்றார் ஒருவர். டெல்லிதான் உன் கனவு என்றார் இன்னொருவர். கடைசியில் எனக்கும் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். வருகைப் பதிவில் உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்ட கதையைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் உன் பெயர்க்காரி ஒருத்தி, கைக்குழந்தையோடு, எழுந்து நின்று கும்பிட்டாள். எனக்குக் கைதட்டினார்கள்.

கீழே இறங்கியதும் பாப்பாத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. உன் மாத்திரையில் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள்.

"எங்கம்மா எதையும் மறைக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள் அழுதுகொண்டே. "மனசுல இருக்கறது அத்தனையும் எங்கிட்டச் சொல்லிருவாங்க. டெல்லிக்குப் போகோணும்னு எத்தன ஆசையா இருந்தாங்க தெரியுமுங்களா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரைக்கும் வந்தது.

"ஆமா பாப்பாத்தி" என்றேன். "உன்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்லுவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசு நிறைந்து போனாள். உன் பெயரைப் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். முகம் சுவரில் இருக்கிறது. உன் பேச்சை வேண்டுகிறவர்கள் போனில் போட்டுக் கேட்கிறார்கள். போக இஷ்டமில்லாமல் மீன் முள்ளை எடுத்து ஓரம் வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் என்னிடம் இருக்கிறாள். அவளை யாருக்கும் தருவதாக இல்லை.